பின் சீட்டைக் கழற்றினேன்

வண்டியின் பின் சீட்டை நான் கழற்றிய அன்று எங்கள் வீட்டில் ஆண்களாட்சி ஆரம்பமானது. அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. ராகுகாலம் பார்க்கவில்லை. பார்த்திருக்கலாம்.

நான் பஞ்சநதம். பாபநாசத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தின் கணக்கப்பிள்ளை. அதாவது, முன்னாள். அப்பா கணக்கப்பிள்ளை, தாத்தா கணக்கப்பிள்ளை, எனக்குப் பிறகு என் பேரன் வரைக்கும் கணக்கப்பிள்ளைதான் என்று நாங்கள் நிம்மதியாக இருந்தபோது, பரம்பரைக் கணக்கப்பிள்ளைகளே இனி வேண்டாம் என்று அரசாங்கம் ஒரே கையெழுத்தில் அத்தனை பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டது. வீட்டுக்கு வந்து பார்த்தால் அங்கே ஏற்கெனவே ஓர் அரசாங்கம் நடந்துகொண்டிருந்தது. அதன் பெயர் மங்களாம்பிகை. என் மனைவி.

அந்த அரசாங்கத்தில் எனக்கு ஒரு இலாகாவாவது வேண்டாமா? மோட்டார் சைக்கிள் இலாகாவை நானே எடுத்துக்கொண்டேன். சின்ன டூ-ஸ்ட்ரோக் வண்டி. பதவியில் இருந்தபோது வயல் வயலாகப் போய்வர வாங்கியது. பதவி போனதும் அதற்கும் வேலை போய்விட்டது. எனக்குத்தான் பதவி உயர்வு கிடைக்கவில்லை, அதற்காவது கொடுப்போம் என்று ரேஸ் வண்டி ஆக்கினேன். மட்கார்டைக் கழற்றினேன். ஹாரனைக் கழற்றினேன். இரண்டு கண்ணாடியில் ஒன்றைக் கழற்றினேன். இன்னொன்று நான் தலை வாருவதற்கு வேண்டும். பாரம் குறைந்தால் வேகம் கூடும். கடைசியாகக் கழற்றியதுதான் பின் சீட்டு.

"ஏங்க, பின் சீட்டு எங்க?" என்றாள் மங்களம்.

"கழட்டிட்டேன்."

"அப்ப நான் எங்க உக்கார்றது?"

"ரேஸ் வண்டில பின் சீட்டு கெடையாது. உலகத்துலயே கெடையாது."

"உலகத்துல இருக்குற ரேஸ்காரனுக்கெல்லாம் மாமியார் வீடும் கெடையாதா?"

அவள் கோபத்துக்குக் காரணம் உண்டு. அவளுக்குப் பிறந்த ஊர் வேதாரண்யம். இங்கிருந்து அங்கே போக மன்னார்குடியில் ஒரு பஸ் மாற வேண்டும், திருத்துறைப்பூண்டியில் இன்னொன்று மாற வேண்டும். இரண்டிலும் நின்றுகொண்டுதான் போக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து அவளுக்கு ஒரே ஆசை. வண்டியில் உட்கார்ந்து அவள் பிறந்த தெருவுக்குள் நுழைய வேண்டும். தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்று பார்க்க வேண்டும். இப்போது தங்கை மலர்கொடிக்கு வளைகாப்பு வேறு வருகிறது. இந்தத் தடவையாவது அழைத்துப் போவேன் என்று நம்பியிருந்தாள். அந்த நேரம் பார்த்துத்தான் நான் சீட்டைக் கழற்றினேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் நான் தைரியமாக இருந்திருப்பேன். சீட்டை எடுத்துக்கொண்டு போய் அடுப்பங்கரையில் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கத்தரிக்காய் நறுக்க ஆரம்பித்தாள். தினமும் மூன்று வேளையும் அதன்மேல்தான் உட்கார்ந்தாள். சாப்பிடப் போகும்போதெல்லாம் அந்தச் சீட்டு என்னைப் பார்த்தது. எனக்கும் மனசு கேட்கவில்லைதான். ஆனால் துரைராசு இருக்கிறானே!

துரைராசு என் பங்காளி. வைகாசியில் எங்கள் ஊர் அம்மன் திருவிழாவை ஒட்டி இளைஞர் மன்றத்துக்காரர்கள் வண்டிப் பந்தயம் வைப்பார்கள். இரண்டு வருஷமாக அவன்தான் ஜெயிக்கிறான். ஜெயித்துவிட்டுக் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு என் வீட்டு வாசல் வழியாகத்தான் போவான். அவன் வீடு இருப்பதோ எதிர்த் திசையில்.

பந்தயம் நடக்கும் இடத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆற்றுப் பாசன ஊரில் இவ்வளவு பெரிய காலி இடம் ஏது என்று கேட்பீர்கள். அது வழக்கில் கிடக்கும் நிலம். மிராசுதாருக்கும் குத்தகைதாரருக்கும் வரப்பு எங்கே என்று தகராறு. கோர்ட்டில் தடை வாங்கியிருக்கிறார்கள். இரு தரப்பும் உழக் கூடாது, விதைக்கக் கூடாது, அறுக்கக் கூடாது. வண்டி ஓட்டக் கூடாது என்று மட்டும் அந்த உத்தரவில் இல்லை. ஊரிலேயே இரண்டு கட்சியும் சண்டை போடாமல் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற ஒரே நாள் பந்தய நாள்தான். ஒரே ஒரு சங்கடம். நிலத்தின் கோடியில் திரும்புகிற இடத்தில் வாய்க்கால் மதகு இருக்கிறது. போன வாரம் ஒத்திகையில் ஒருவன் அந்த மதகில் மோதி முன்பல்லைக் கொடுத்துவிட்டு வந்தான்.

"அந்த மதகுல நீங்களும் போய் விழணுமா?" என்றாள் மங்களம்.

"நான் ஏன் விழறேன்? நான் ஜெயிக்கப் போறேன்."

"ஜெயிச்சா?"

"ஜெயிச்சா இந்த வீட்ல பின் சீட்டுங்குற பேச்சே வரக் கூடாது."

"தோத்தா?"

"தோத்தா சீட்டை மாட்டறேன். ரெண்டு பேரும் வேதாரண்யம் போறோம்."

"வண்டிலதானே?"

"வண்டிலதான்."

"சத்தியம் பண்ணுங்க."

"வண்டி மேல சத்தியம்."

"ஏன், என் மேல பண்ண மாட்டீங்களா?"

"உன் மேல நெறைய பாக்கி இருக்கு மங்களம்."

அவள் அதற்குச் சிரித்தாள். இருபது வருஷம் கூடக் குடும்பம் நடத்தாத ஒருத்தன், அந்தச் சிரிப்பைப் பார்த்து ஏமாந்து போவான். நானும் ஏமாந்தேன்.

ரேஸ் வண்டிக்கு உயிர் எதில் இருக்கிறது? டைமிங்கில். பொறி எப்போது விழுகிறது என்பதில். பிஸ்டன் மேலே ஏறி வரும். உச்சியைத் தொடுவதற்கு ஒரு நூல் இருக்கும்போது பொறி விழ வேண்டும். ஒரு நூல் என்றால் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. தாமதமாக விழுந்தால் வண்டி சோம்பேறி ஆகிவிடும். ரொம்ப முந்தி விழுந்தால், ஏறி வருகிற பிஸ்டனை வந்த வழியே திருப்பி அடித்துவிடும். நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்த பரம்பரையில் வந்தவன் நான். ஒரு நூல் எனக்கு ஒரு பொருட்டா?

மங்களத்தின் விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவினேன். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்த ஓட்டை வழியாகக் குச்சியை விட்டால், அது பிஸ்டன் தலையில் நின்று ஏறி இறங்கும். உச்சி எது, ஒரு நூல் கீழே எது என்று அவளுடைய கண்மையால் அடையாளம் வைத்தேன். அடுத்தது பாயிண்ட். அதில் இரண்டு சின்ன உதடுகள். அவை பிரிகிற கணத்தில்தான் பொறி விழும். இடையில் ஒரு மெல்லிய தாளைக் கொடுத்து லேசாக இழுத்துக்கொண்டே இருந்தால், உதடு பிரிந்ததும் தாள் கையோடு வந்துவிடும். நான் மேக்னட் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டு குச்சியைப் பார்க்க வேண்டும். தாளை இழுக்க இன்னொரு கை வேண்டும். வீட்டில் இருந்த இன்னொரு கை மங்களத்தினுடையதுதான்.

"இந்தத் தாளை இப்படி மெதுவா இழுத்துக்கிட்டே இரு. விட்டுச்சுன்னா விட்டுருச்சுன்னு சொல்லு."

அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது சிகரெட்டு பொட்டிக்குள்ள இருக்குற தாளுல்ல?"

"ரோட்டுல கெடந்துச்சு."

"ரோட்டுல கெடந்தது ஏன் உங்க சட்டைப் பை வாசனை அடிக்குது?"

"மங்களம், இது ரேஸ் விஷயம்."

"சரிங்க. எங்கப்பா உப்பளத்துலயும் தண்ணி எறைக்க இப்படித்தான் ஒரு சின்ன இன்ஜின் இருந்துச்சு. பொறி அவசரப்பட்டுச்சுன்னா அது ஒரே ஒதையா ஒதைச்சுட்டுத் திரும்பிச் சுத்தும்..."

"உப்புத் தண்ணி எறைக்குற இன்ஜினும் ரேஸ் இன்ஜினும் ஒண்ணா? நீ தாளை மட்டும் பாரு."

அவள் தாளின் நுனியைப் பிடித்துக்கொண்டாள். நான் சக்கரத்தைத் திருப்பினேன். குச்சி மெல்ல ஏறியது. "விட்டுருச்சு" என்றாள். பாயிண்ட் உட்கார்ந்திருக்கும் பிளேட்டைக் கொஞ்சம் நகர்த்தினேன். மறுபடி திருப்பினேன். "விட்டுருச்சு." இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். அவள் "விட்டுருச்சு" என்றதும் குச்சியில் மை அடையாளம் சரியாக வந்து நின்றது. திருகை இறுக்கினேன். துரைராசு ஒழிந்தான் என்று நினைத்தேன்.

சாயங்காலம் ஆற்றங்கரைச் சாலையில் ஓட்டிப் பார்த்தேன். வண்டிக்கு ஏதோ சோகம். முறுக்கினால் முனகியது. பின்னால் வாத்து மேய்க்கிறவர் ஒருவர் தன் கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தார். "கொஞ்சம் ஓரமாப் போங்க, வாத்துக்கு நேரமாவுது" என்றார். ஒதுங்கி வழி விட்டேன். வாத்துகள் ஒவ்வொன்றாக என்னை முந்திக்கொண்டு போயின.

பெட்ரோலைச் சந்தேகப்பட்டேன். கார்பரேட்டரைச் சந்தேகப்பட்டேன். பெட்ரோலில் சந்தேகப்பட இடமும் இருந்தது. நான் போடுகிற அளவுக்கு டேங்கில் இருப்பதில்லை.

"வெயில்ல ஆவியாப் போயிருக்கும்" என்றாள் மங்களம்.

"சக்கரத்துல சேறு எப்படி வந்துச்சு?"

"கோழி கிண்டியிருக்கும்."

"கண்ணாடி ஏன் தெனமும் கீழ பாத்து இருக்கு?"

"குங்குமம் வெக்க ஒரு கண்ணாடி பாக்கக் கூடாதா? எனக்கு அந்த உசரம்தான் சரியா இருக்கு."

மறுநாள் டைமிங்கை இன்னொரு தடவை சோதிக்கலாம் என்று அவளைக் கூப்பிட்டேன். இந்தத் தடவை குச்சியைப் பார்க்காமல் ஓரக் கண்ணால் அவள் கையைப் பார்த்தேன். பிடிபட்டது! தாள் இன்னும் இறுக்கமாக நிற்கிறது, அவள் வாய் "விட்டுருச்சு" என்கிறது. அவசரக்காரி. விடுவதற்கு முன்பே விட்டுவிட்டது என்கிறாள். அதனால்தான் பொறி தாமதமாக விழுந்து வண்டி படுத்துவிட்டது.

வேறு யாராவது என்றால் அவளைத் திட்டியிருப்பார்கள். நான் கணக்கப்பிள்ளை. எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. நிலம் அளக்கும்போது தலையாரி சங்கிலியின் மறுமுனையைத் தளரப் பிடிப்பான். அவனைத் திட்டினால் அடுத்த தடவை இன்னும் தளரப் பிடிப்பான். ஆகவே ஒன்றும் சொல்லாமல், அவன் தளர்த்துகிற அளவை மனசில் கூட்டி நாமே எழுதிக்கொள்வோம். என் தாத்தா அப்படித்தான் எழுதினார், அப்பாவும் அப்படித்தான் எழுதினார், நானும் அப்படியே எழுதினேன். பெண்டாட்டியிடமும் இதே முறைதான். அவள் அவசரத்தை அவளிடம் சொல்லாமல் நானே சரிக்கட்டிக்கொள்வது என்று முடிவு செய்தேன்.

பந்தயத்துக்கு முதல் நாள் மத்தியானம் கடைசி டைமிங். சக்கரத்தைத் திருப்பினேன்.

"விட்டுச்சா?"

"இருங்க."

"இப்ப?"

"இருங்க, இருங்க... விட்டுருச்சு."

அடையாளம் சரியாக இருக்கும்படி பிளேட்டை வைத்தேன். அவள் குழம்பைப் பார்க்க உள்ளே போனாள். நான் திருகைத் தளர்த்தி, பிளேட்டைச் சத்தம் போடாமல் இன்னும் ஒரு நூல் முன்னே தள்ளி இறுக்கினேன். அவள் அவசரத்துக்கு நான் போட்ட கூட்டல் அது. அடுப்பங்கரையில் வளையல் சத்தம் கேட்டது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். இந்த வீட்டில் எல்லாவற்றையும் தெரிந்தவள் நீயா, நானா?

"ஏங்க, வண்டியக் கிளப்பிப் பாக்கலியா?" என்றாள் உள்ளேயிருந்து.

"வேணாம். சத்தம் துரைராசு காதுல விழும். நாளைக்கு நேரா களத்துலதான்."

"அதுவும் சரிதான்" என்றாள். அவள் ஒரே பேச்சில் ஒப்புக்கொண்டது எனக்கு ஏன் உறைக்கவில்லை என்று இன்னும் தெரியவில்லை.

பந்தய நாள். ஊரே திரண்டிருந்தது. மிராசுதார் கட்சி ஒரு பக்கம், குத்தகைதாரர் கட்சி ஒரு பக்கம், நடுவில் இரண்டு போலீஸ்காரர்களும் ஒரு சுண்டல் வண்டியும். கொடி வீசுவதும் மைக்கில் பேசுவதும் சைக்கிள் கடை காதர் மைதீன். அவருக்குக் கொடியைவிட மைக்தான் பிடிக்கும். நான் ஹெல்மெட் இல்லாததால் தலையில் துண்டை இறுக்கிக் கட்டியிருந்தேன். வண்டிகள் வரிசையாக நின்றன. என் இடத்துக்கு நேர் பின்னால் ஒரு மாட்டு வண்டி நிறைய வைக்கோலை யாரோ அம்பாரமாகக் கொட்டி வைத்திருந்தார்கள்.

"எவன்யா பந்தயக் களத்துல வைக்கோலக் கொட்டுனது?" என்றேன்.

"பின்னாடிதானே அண்ணே கெடக்கு? நீங்க முன்னாடி பாருங்க" என்றார் காதர் மைதீன் மைக்கிலேயே.

பெண்கள் பக்கம் மங்களம் நின்றிருந்தாள். கையில் முந்தானையை முறுக்கிக்கொண்டு, முகம் வெளிறி. பாவம், நான் ஜெயித்துவிடுவேன் என்று பயப்படுகிறாள் என்று நினைத்தேன். எனக்குக் கொஞ்சம் இரக்கமாகக்கூட இருந்தது. ஜெயித்த பிறகு பஸ்ஸிலாவது ஜன்னல் ஓரம் இடம் பிடித்துக் கொடுக்க வேண்டும்.

கொடி விழுந்த பிறகுதான் வண்டியை உதைத்துக் கிளப்ப வேண்டும் என்பது விதி. கொடி விழுந்தது. உதைத்தேன். கிக்கர் திருப்பி உதைத்தது. வலது கெண்டைக்கால் செத்துப்போனது. ஆனால் வண்டி கிளம்பிவிட்டது! என்ன சத்தம்! பல்லைக் கடித்துக்கொண்டு கியரைப் போட்டு, கிளட்சை விட்டு, முறுக்கினேன்.

எல்லா வண்டியும் முன்னால் போயின. நான் பின்னால் போனேன்.

முதலில் எனக்குப் புரியவில்லை. துரைராசுவின் முதுகு சின்னதாகிக்கொண்டே போனதைப் பார்த்து, இவன் இவ்வளவு வேகமாகப் போகிறானே என்றுதான் நினைத்தேன். ஒரு காரியம் தப்பாகப் போனால் இன்னும் அழுத்தமாகச் செய்ய வேண்டும் என்பது எங்கள் பரம்பரைக் குணம். இன்னும் முறுக்கினேன்.

"அன்பார்ந்த பொதுமக்களே!" என்று மைக் அலறியது. "நமது முன்னாள் கணக்கப்பிள்ளை இப்போது பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்!"

அடுத்த கணம் உலகம் மஞ்சளாகி, மெத்தென்றாகி, இருட்டாகியது. வைக்கோல் போரிலிருந்து என் துண்டை முதலில் எடுத்தார்கள். பிறகு என்னை எடுத்தார்கள். மிராசுதார் கட்சியும் குத்தகைதாரர் கட்சியும் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கோர்ட்டால் முடியாததை நான் செய்திருந்தேன்.

வீட்டில் என் கெண்டைக்காலுக்கு மங்களம் உப்பு ஒத்தடம் கொடுத்தாள். வேதாரண்யத்து உப்பு, அவள் அப்பா அனுப்பியது.

"எப்படி மங்களம்?" என்றேன். "உன் அவசரத்துக்கு நான் ஒரு நூல் கூட்டித்தானே வெச்சேன்?"

"எனக்கு என்னங்க அவசரம்?" என்றாள். "மொதல்ல வேணும்னுதான் முன்கூட்டியே சொன்னேன். வண்டி மெதுவாப் போவட்டும்னு. அப்புறம் நீங்க ஓரக் கண்ணால என் கையப் பாத்தீங்க. பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அப்பவே தெரிஞ்சு போச்சு, கமுக்கமா ஒரு நூல் கூட்டப் போறீங்கன்னு. ஊரு நெலத்த பூரா அப்படித்தானே அளந்தீங்க? அதனாலதானே அந்த வயலே கோர்ட்டுல கெடக்கு?"

"அதை வெளில சொல்லாத. அப்புறம்?"

"அப்புறம் என்ன? கடைசித் தடவ தாள் விட்டதுக்கப்புறமும் புடிச்ச மாதிரியே வெச்சுக்கிட்டு, லேட்டா சொன்னேன். என் பங்கு ஒரு நூல் முந்திருச்சு. உங்க பங்கு ஒரு நூல். எங்கப்பா இன்ஜின் அதுல பாதிக்கே திரும்பிச் சுத்தும்."

நான் கூரையைப் பார்த்தேன். "வைக்கோல்?"

"நான்தான் கொட்டச் சொன்னேன். பின்னாடி போறவருக்குப் பின்னாடி மெத்துன்னு ஏதாவது வேணாமா?"

சொல்லிக்கொண்டே வந்தவளுக்குச் சட்டென்று குரல் உடைந்தது. "அந்த மதகுப் பக்கம் நீங்க வேகமாப் போறத நெனச்சு நெனச்சு ஒரு வாரமா எனக்குச் சோறு எறங்கல. பல்லோட தப்பிச்சவன் அதிர்ஷ்டக்காரன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா எனக்கு யாரு இருக்கா?"

துரைராசுவும் அவன் கறுப்புக் கண்ணாடியும் எங்கோ போய்விட்டார்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, நொண்டிக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போய், பின் சீட்டை எடுத்து வந்து நானே வண்டியில் மாட்டினேன். நான்கு திருகையும் ஆசையாக இறுக்கினேன்.

வளைகாப்புக்கு முதல் நாள் காலை. என் கால் பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. தரையில் ஊன்ற முடியவில்லை.

"மங்களம், நான் சொன்ன சொல் தவறல" என்றேன். "சீட்டு மாட்டியாச்சு. ஆனா இந்தக் காலால எப்படி ஒதைக்கிறது, எப்படி பிரேக்கு போடுறது? நீ பஸ்ல போயிட்டு வந்துரு. அடுத்த வளைகாப்புக்கு வண்டிலயே போவோம்."

மங்களம் புதுப் புடவையின் முந்தானையை இடுப்பில் இழுத்துச் செருகினாள். வண்டியை ஸ்டாண்டிலிருந்து இறக்கினாள். ஒரே உதை. என்னிடம் இத்தனை நாள் முனகிய வண்டி, அவளிடம் தாலாட்டுப் போல ஓடியது. டைமிங்கை எப்போது சரிசெய்தாளோ தெரியாது. கண்ணாடியை ஒரு விரலால் கீழே தட்டினாள், தினமும் செய்கிறவள் மாதிரி. அப்போதுதான் எனக்கு டேங்கில் குறைந்த பெட்ரோலும், சக்கரத்தில் ஒட்டிய சேறும், தடை உத்தரவில் காலியாகக் கிடந்த அந்த நிலமும், என் மத்தியானத் தூக்கமும் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தன.

"ஏறுங்க" என்றாள். ஏறினேன்.

மன்னார்குடியில் பஸ் மாறவில்லை. திருத்துறைப்பூண்டியிலும் மாறவில்லை. வேதாரண்யத்தில் அவள் பிறந்த தெருவுக்குள் நுழைந்தோம். அவள் ஆசைப்பட்டபடியே தெரு முழுக்க வாசலுக்கு வந்து நின்று பார்த்தது. நான் அவள் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு மெதுவாகக் கேட்டேன்.

"இதெல்லாம் எப்ப கத்துக்கிட்ட?"

"நீங்க பின் சீட்டத்தானே கழட்டுனீங்க?" என்றாள். "முன் சீட்டு அங்கயேதானே இருந்துச்சு."